பளபளத்துப் போன நூறு ரூபாய்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதில் உள்ள சங்கடம், 'தெரியாது' என்று சொல்லும் வசதி நமக்குக் கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் தவறினாலும் மிக்ஸி சுற்றாவிட்டாலும் என்னிடம்தான் வரும். ஒருமுறைகூட நான் மறுத்ததில்லை.

அப்படித்தான் அம்மாவின் நாணயமும் வந்தது. சேகரிப்பவர்களுக்காக அரசாங்கம் வெளியிட்ட நூறு ரூபாய் வெள்ளி நினைவு நாணயம். கல்யாணத்தின்போது அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கொடுத்தது. துணியில் சுற்றிக் கிடந்ததில் ஓரமெல்லாம் நீலமும் பழுப்புமாகக் கறுத்திருந்தது. அம்மாவுக்கு வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். நாணயத்தை விற்றுப் பழைய ஓவர்லாக் மிஷினுக்கு முன்பணம் கட்டிவிட்டால், வீட்டில் உட்கார்ந்தே தைக்கலாம் என்று நினைத்தார்.

கோயம்புத்தூரில் நாணயம் வாங்கும் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். "நல்ல காசு மாதிரி தெரியுதுங்க. நேர்ல கொண்டாங்க, தரம் பார்த்து விலை சொல்றேன்" என்றார். முன்பணத்துக்குத் தாராளமாகக் காணும் என்பதுபோல்தான் பேசினார்.

தரம் என்றாரா, அங்கேதான் வினை. நான் இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலர். கறை இருந்தால் ரிஜெக்ட். எனக்குத் தெரிந்த தரம் அவ்வளவுதான். (கடுகளவு எண்ணெய்ப் பொட்டுக்காக ஒரு பெட்டி பனியனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.) கம்பெனியில் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னை நாணயத்தின்மேல் பிடித்தேன். கறுப்பு அசையவில்லை. வீட்டுக்கு வந்து, பனியன் வேஸ்ட் துணியில் திருநீற்றைத் தொட்டு அரை மணி நேரம் தேய்த்தேன்.

"இத்தன தேய்க்கோணுமா கண்ணு?" என்றார் அம்மா.

"உனக்குத் தெரியாதும்மா."

மறுநாள் இருவரும் போனோம். நாணயக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். புரட்டி மறுபக்கமும் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இதைத் தேய்ச்சீங்களா?"

"ஆமாங்க. சுத்தமா இருக்கட்டும்னு..."

"அந்தக் கறுப்பு இத்தன வருசமா தானா ஏறுனதுங்க. யாரும் கை வெக்கலைங்கறதுக்கு அதுதான் அத்தாட்சி. இப்ப நீங்களே பாருங்க."

லென்ஸில் பார்த்தேன். பூனை பிறாண்டியதுபோல் நாணயம் முழுக்க மெல்லிய கீறல்கள்.

"இனி வெள்ளி எடைக்குத்தாங்க எடுக்க முடியும்" என்றார்.

"திரும்பக் கறுக்க வெக்க முடியாதுங்களா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"கறுக்குமுங்க. கீறல் போகாதுங்களே."

எடைக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கும்போதே அம்மா கேட்டார், நான்தான் அவர் வாயை அடைத்தேன். அதுதான் கீறல்களைவிட உறுத்தியது. பல்லடம் ரோடு வந்தபோது அம்மா திரும்பினார்.

"ரெண்டு பக்கமுமா தேய்ச்ச?"

"ஆமாம்மா."

"ஒரு பக்கத்தையாவது உட்டிருக்கலாம் சாமி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அம்மா கம்பெனியில் நின்றார். யார் சட்டையிலாவது சாம்பார் சிந்தினால், "தொடைக்காதீங்க, வெல ஏறட்டும்" என்பார் அப்பா. போன தீபாவளி போனஸில்தான் மிஷினுக்கு முன்பணம் கட்டினோம். வந்து இறங்கிய மிஷினில் எண்ணெய் அப்பியிருந்தது. பழக்க தோஷம், துணியோடு குனிந்தேன்.

"கண்ணு, கைய எடு" என்றார் அம்மா, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "மெக்கானிக்கு வரட்டும். கேட்டுட்டுத் தொடலாம்."