நாலாம் நம்பர் கட்டிலுக்குத் தரம் சொன்ன மாட்டுத் தரகர்

கௌமாரியம்மன் துணை

தேனி
9-11-1978

என் அன்பு மருமகப்பிள்ளை அழகருக்கு, தாய்மாமன் கர்ணன் மனமார வாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே உன் தாயாரின் இடது கால் எலும்பு ஒன்றைத் தவிர மனிதர், மாடு, வாழைத்தோப்பு எல்லாம் சுகம். அதேபோல வடக்கே பிலாயில் நீயும் உன் சம்சாரம் முத்துப்பேச்சியும் பச்சைப்பிள்ளையும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் சென்ற வாரம் சின்னமனூருக்கு வந்து சேர்ந்தது. தோப்பு வாய்க்காலில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்ட அம்மாவைத் தேனியில் சேர்த்திருக்கிறோமே, அந்த நர்சிங் ஹோமில் கவனிப்பு எப்படி இருக்கிறது, மாமா நேரில் போய்ப் பார்த்து நல்லது கெட்டது எழுத வேண்டும், சரியில்லை என்றால் லீவு போட்டு வந்து பிலாய்க்கே அழைத்துப்போய் இனி எங்களோடேயே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தாய். என்னைக் கேட்டாய் பார், அங்கேதான் நீ என் அக்கா பிள்ளை. முப்பத்திரண்டு வருஷம் சந்தையில் நின்ற தரகன் நான். மாட்டின் சுழியும் பல்லும் நடையும் பார்த்து, விற்கிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் தரம் சொல்லிவிடுவேன். ஒரு நர்சிங் ஹோம் எனக்கு எம்மாத்திரம்? ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவனிப்பு சரியில்லை. அதற்காகப் பிலாய்க்கும் வேண்டாம். அக்காவை என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி டாக்டருக்கு ஒரு தந்தி கொடு. காரணங்களைக் கீழே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சந்தைக்குக் கொண்டுவரும் மாட்டுக்கு முந்தின நாளே உப்புத்தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்புவார்கள். கொம்பைச் சீவி எண்ணெய் தடவுவார்கள். விவரம் தெரிந்தவன் சந்தையில் பார்க்க மாட்டான், விடியக்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் தொழுவத்துக்கே போய் நிற்பான். நானும் அப்படித்தான் போன வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், நர்சிங் ஹோமின் பின்பக்கக் கேட் வழியாக நுழைந்தேன். அங்கே ஒரு பெரிய அண்டாவில் ஏதோ தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நோயாளிகளுக்குக் கஞ்சி போலிருக்கிறது என்று நினைத்துக் கரண்டியை விட்டால் படுக்கை விரிப்பு வந்தது. துணியைத் துவைக்காமல் வேகவைக்கிறார்கள், குறித்துக்கொள். அடுத்து சமையல்கட்டுக்குப் போனேன். பாத்திரம் துலக்கும் இடத்தில் ஒரு ஈ கிடையாது. ஈயே எட்டிப்பார்க்காத இடத்தில் என்ன பெரிய சாப்பாடு இருந்துவிடப் போகிறது? கேட்டு வாங்கி ஒரு வாய் கஞ்சி குடித்துப் பார்த்தேன். உப்பு இல்லை. "உப்புப் போட மறந்துட்டீகளா?" என்று கேட்டதற்கு, சமையல்கார அம்மாள், "இது பிரஷர்காரக கஞ்சி, உங்களுக்கில்ல. யாரு நீங்க, எந்த வழியா வந்தீக?" என்று என்னையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு நல்லது கெட்டது பார்க்க வந்த மனிதனுக்கு இங்கே இவ்வளவுதான் மரியாதை.

அங்கிருந்து பெண்கள் வார்டுக்குப் போனேன். நாலாம் நம்பர் கட்டிலில் அக்கா படுத்திருந்தாள். அந்தக் கோலத்தை என்னவென்று எழுதுவேன், மருமகனே. காலில் கட்டுப் போட்டு, அதில் கயிறு கட்டி, கயிற்றைக் கட்டில் முனையில் ஒரு கப்பி மேல் விட்டு, அந்தப் பக்கம் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயிரை மேயும் ஓடுகாலி மாட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டுவோமே, அதே மாதிரி. என் கூடப்பிறந்தவள் எங்கே ஓடிவிடப் போகிறாள்? மூட்டையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தேன். அக்கா, "ஏலே, கைய வைக்காதலே!" என்று போட்ட சத்தத்தில் தலைமை நர்ஸ் ஜெபமணியம்மா செருப்புச் சத்தம் கேட்க ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, அது எலும்பு நேராக் கூடுறதுக்குக் கட்டியிருக்கு! கைய எடுங்க!"

"வாயில்லாச் சீவனக்கூட நாங்க இப்படிக் கட்ட மாட்டோம், தாயி."

"உங்க அக்காவுக்கு வாய் இருக்குல்ல? அவுகளே ஒண்ணும் சொல்லல. உங்களுக்கென்ன நோவுது?"

ஒரு நர்ஸ் பேசுகிற பேச்சா இது? அக்கா வேறு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்த கட்டில் பெண்பிள்ளைகள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கயிற்றைச் சரிசெய்ய டாக்டர் ஞானதுரையே தூக்கக் கலக்கத்தோடு வந்தார். வந்தவரை விடலாமா? எத்தனை நாளில் அக்காவை அனுப்புவீர்கள் என்று கேட்டேன். ஆறு வாரம் என்றார். எடுத்த எடுப்பில் சொல்லும் விலையை எவன் ஒத்துக்கொள்வான்? நாலு பேருக்கு முன்னால் பேசினால் அவருக்கும் கௌரவக் குறைச்சல் என்று நடைக்குக் கூட்டிவந்து, தோளில் கிடந்த துண்டை வலது கை மேல் போட்டு, கையை அவர் பக்கம் நீட்டினேன். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவோம் என்பது உனக்குத் தெரியும். ஒரு விரலுக்குப் பத்து நாள் என்பது என் கணக்கு. ஒரு விரலில் ஆரம்பித்து, மிஞ்சிப்போனால் இரண்டில் முடித்துவிடலாம் என்றிருந்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் துண்டுக்குள் கையை விட்டார். ஆனால் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்தார். மணிக்கட்டுக்கு எங்கள் சந்தையில் விலையே கிடையாது. பிடித்த பிடியை விடவும் இல்லை, தன் மறு கையில் கட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பலே ஆசாமி, அசையாமல் நின்று விலையை ஏற்றுகிறார் என்று நானும் அசையாமல் நின்றேன்.

"தலை சுத்துதா?" என்றார்.

"நீங்க சொல்ற நாளக் கேட்டா யாருக்குத்தாங்க சுத்தாது?"

"எத்தன நாளா?"

"அக்கா விழுந்த நாள்ல இருந்து."

உடனே ஜெபமணியம்மாவைக் கூப்பிட்டு என்னை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, இருநூறு என்றார்கள். பிரஷராம். அக்காவுக்குப் பத்து நாள் கேட்கப் போனவனுக்குப் பத்து நாள் போட்டு, ஆண்கள் வார்டில் ஒன்பதாம் நம்பர் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

இது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. வெளியே நின்று பார்ப்பவனைவிட உள்ளே படுத்துக்கிடப்பவனுக்குத்தானே நிலவரம் தெரியும். வந்தவுடன் என் வெற்றிலைப் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமைச் சந்தை போச்சு. இரண்டு ஜோடி காளைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அதுவும் போச்சு. சமையல்கட்டில் எது எனக்கில்லை என்று அந்த அம்மாள் சொன்னாளோ, அதே உப்பில்லாக் கஞ்சியைத் தினம் இரண்டு வேளை அவள் கையாலேயே கொண்டுவந்து கொடுக்கிறாள், முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. மருந்து குடித்தீர்களா, தூங்கினீர்களா, வெளிக்குப் போனீர்களா என்று நர்சுகள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒரு மனிதன் வெளிக்குப் போனானா இல்லையா என்பது அந்த வார்டுக்கே தெரிய வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை வருசநாட்டிலிருந்து என் பங்காளிகள் பதினேழு பேர் லாரி பிடித்து, ஒரு தூக்குவாளி நிறையக் கோழிக்குழம்போடு பார்க்க வந்தார்கள். "ரெண்டு ரெண்டு பேராத்தான் விடுவேன், கொழம்ப விடவே மாட்டேன்" என்று ஜெபமணியம்மா கேட்டில் நின்றுவிட்டார். பங்காளிகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர்களே சாப்பிட்டு முடித்தார்கள். ஒன்பதாம் நம்பர் கட்டிலுக்குக் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். நான் பட்ட பாட்டை எழுதினால் நீ கண்ணீர் விடுவாய்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். உன் அத்தை போய் ஐந்து வருஷமாகிறது. பிள்ளைகுட்டி எனக்கில்லை. இந்தப் பக்கத்தில் என்னை "ஏலே" என்று கூப்பிட அக்கா ஒருத்திதான் மிச்சம். அவள் பிலாய்க்குப் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என் வீட்டில் இரண்டு அறை சும்மாதான் கிடக்கிறது. பால்மாடு நிற்கிறது. ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வேன். நன்றாக யோசித்துத் தந்தி கொடு.

முத்துப்பேச்சியைக் கேட்டதாகச் சொல். குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் வீரபாண்டி ஆத்தாள் கண்பார்வையில் குறைவில்லாமல் நிறைந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும் தாய்மாமன்,
த. கர்ணன், மாட்டுத் தரகர்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடுப்பில் போடு. உறையை ஒட்டுவதற்கு முன்னால், ஒரு மரியாதைக்காக அக்காவிடம் போய் வாசித்துக் காட்டினேன். அண்டாவில் துணி வெந்த இடத்திலும் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்த இடத்திலும் கால் அசையக் கூடாது என்பதையும் மறந்து சிரித்தாள். கடைசியில், "ஏலே கர்ணா, கஞ்சியக் குடிச்சுப் பாத்த, துணியக் கிண்டிப் பாத்த. எல்லாம் பாத்தியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?" என்றாள். நான் கேட்கவில்லைதான். மாட்டைக் கேட்டு வியாபாரம் முடித்த பழக்கம் எனக்கில்லை, அந்த ஞாபகத்திலேயே இருந்துவிட்டேன்.

உடனே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாப்பது வருசமா நான் எந்திரிச்சு அடுப்பப் பத்தவச்சாத்தான் எனக்குக் காப்பி. இங்கன அந்த நர்சுப் பிள்ள படுக்கைக்கே கொண்டாந்து, குடிங்கம்மாங்குது. தல சீவி விடுது. முதுகு புண்ணாகிரும்னு பவுடர் போட்டுத் தடவி விடுது. எனக்கு இங்கன ஒரு கொறையும் இல்ல. காலு கூடட்டும், நடந்தே என் வீட்டுக்குப் போவேன். உன் வீட்டுக்கும் வரல, பிலாய்க்கும் வரல. நீ வேணும்னா தெனம் வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ, உப்புக் கம்மியாப் போட்டு ஆக்குறேன்." ஆகவே தந்தி வேண்டாம், லீவும் வேண்டாம். இந்த இடத்துக்கு அவள் சொன்னதுதான் தரம்.

உன்னைப் பற்றியும் ஒன்று சொன்னாள். "ஆத்தாளுக்குக் கவனிப்பு எப்படின்னு ஒனக்கு மூணு பக்கம் எழுதுனவன், ஆத்தா எப்படி இருக்கேன்னு எனக்கு ஒரு கார்டு போடலியே" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை. நீ எழுதியதாக நானே ஒரு கார்டு எழுதி வாசித்துக் காட்டிவிடலாம் என்று பார்த்தேன். நடக்காது போலிருக்கிறது, மருமகனே. அவளுக்குப் படிக்கத்தான் தெரியாதாம், உன் கையெழுத்துத் தெரியுமாம்.