இடுக்கியார் எச்சரிக்கைப் பலகை காட்டிய படலம்

நெருப்பை விரலால் தீண்டாது இரும்பால் ஆளும் வித்தகர், பன்னிரண்டு ஹூக்காக்களுக்கும் அவற்றின் அரவன்ன நெடுங்குழாய்களுக்கும் ஒரே தலைவர், உறங்கும்போதும் தலையணைக்கடியில் இடுக்கியை வைத்திருப்பதால் இடுக்கியார் என்னும் விருதுப்பெயர் பூண்டவர், நீடு வாழ்க! அன்னாரது புகைக்கூடத்தின் உரிமம் மறுநாள் மாலையோடு முடிவதாயிருந்தது. அதைப் புதுப்பிக்கும் வரமோ, அளவுநாடாவை உடைவாளெனச் செருகிவந்த உரிம ஆய்வாளரின் பேனா முனையில் குடிகொண்டிருந்தது.

வருகின்றவர் கூடத்தின் பெருமை கண்டு மலைக்கட்டுமே என்றெண்ணி, மதியூகியாம் இடுக்கியார் பெரும்பிழையொன்று புரிந்தார். மனைவியின் தம்பியை அழைத்து, பன்னிரண்டு இருக்கைகளையும் இலவசமாகவே நிரப்பப் பணித்தார். ஓசி என்றதும் பேரும் முகவரியும் அறியாத உறவெல்லாம் படையெனத் திரண்டு, கொண்டல் திரள் நாணுமாறு புகை கக்கிற்று.

ஆய்வாளர் கடைசி இருக்கைக்காரரை எழுப்பிவிட்டு, அதில் தாம் அமர்ந்து முழங்கினார்: “விதி நாலு. எந்த சீட்ல உக்காந்தாலும் எச்சரிக்கைப் பலகையைப் படிக்க முடியணும். எனக்குச் சுவரே தெரியலையே.”

கதாயுதம் சுழற்றும் வீரனென இடுக்கியார் மின்விசிறியைச் சுழலவிட்டார். புகைப்படை புறமுதுகிட்டது, ஆயினும் கங்கினின்று கிளம்பிய பொறியொன்று கணைபோற் பாய்ந்து மைத்துனரின் புதுச்சட்டையைத் துளைத்தது.

“உங்க லைசென்ஸுக்கு என் சட்டைதான் கெடைச்சுதா அத்தான்?”

“விதி ஒம்பது,” என்றார் ஆய்வாளர். “கங்கு இருக்கிற எடத்துல விசிறி ஓடக்கூடாது.”

விசிறி ஓய்ந்தது, சாளரக்கோட்டை திறந்தது, புகை வீதியுலாப் புறப்பட்டது. “விதி பதினொண்ணு. தெருவுக்குப் புகை போகக்கூடாது.”

சாளரம் சாத்துண்டது. பலகை மீண்டும் மறைந்தது. எஞ்சிய வழி ஒன்றே எனத் தெளிந்த இடுக்கியார், தம் சேனையை நோக்கிக் கைகூப்பினார்: “கொஞ்ச நேரம் இழுக்காம இருங்கப்பா.”

“ஜோரா இழுக்கணும்னு சொல்லித்தானே அத்தான் கூட்டிட்டு வரச் சொன்னீங்க?” என்று மைத்துனர் நியாயம் உரைக்க, சேனை முன்னினும் மும்மடங்கு ஊக்கத்தோடு உறிஞ்சிற்று. ஆய்வாளரின் பேனா, உறையினின்று உருவப்படாமலே சட்டைப்பைக்குத் திரும்பியது.

விதி மூன்றும் சூழ, உறவு பன்னிரண்டும் கைவிட, களத்தின் நடுவே தன்னந்தனியராய் நின்ற அப்பெருந்தகை, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில வந்து பாருங்க சார், கடைக்கு லீவு விட்டுடறேன்.”