நாலு கட்டும் பட்டு

“லேபிள் உதிர்ந்து போச்சா? நாலு துணிக்கட்டுலயுமா?”

இன்டர்காமில் முதலாளி போட்ட கூச்சலில், கூரையிலிருந்த பல்லி வாலை அங்கேயே விட்டுவிட்டு ஓடியது.

துணிக்கடைக்கு அடியில், தரைக்குக் கீழே இருந்தது கிடங்கு. அதன் பொறுப்பாளரை எல்லோரும் ‘மூக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று தெரு தள்ளிப் பால் பொங்கினால், எந்த வீட்டு அடுப்பில் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார்.

“குழாய் ஒழுகிப் பசை விட்டுப்போச்சு முதலாளி. நாலுமே சிவப்பு, நாலுமே பளபளப்பு. எது பட்டு, எது பாலியஸ்டர்னு...”

“யோவ், நாடகக்காரம்மா ஒரு மணி நேரத்துல வர்றாங்கய்யா! மேடையில இருபது பொண்ணுங்க தீப்பந்தத்தோட ஆடப்போகுது. பட்டுல பொறி விழுந்தா மெதுவாக் கருகும். பாலியஸ்டர் உருகித் தோலோட ஒட்டிக்கும். மாத்திக் கொடுத்துத் தொலைச்சே, நாளைக்கு வேலைக்கு வராதே!”

“பதறாதீங்க. நூலைக் கொளுத்தினா தெரிஞ்சுடும். முடி கருகற வாடை வந்தா பட்டு.”

பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, முதல் கட்டிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார் மூக்கர். குனிந்து, கிடங்குக் காற்று மொத்தமும் உள்ளே போகும்படி ஓர் இழுப்பு இழுத்தார்.

முடி கருகும் வாடை. சந்தேகமே இல்லை.

“முதல் கட்டு பட்டு முதலாளி!”

இரண்டாவதையும் கொளுத்தினார். பட்டு. மூன்றாவது? பட்டு. நான்காவது பட்டோ பட்டு.

மறுமுனையில் கணக்கு நோட்டைப் புரட்டும் சத்தம்.

“யோவ், நான் வாங்கினதே ஒரு கட்டுப் பட்டுதான்யா! எரிஞ்ச நூல் பாலியஸ்டர் மாதிரி உருகி உருண்டையாச்சா, பட்டு மாதிரி பொடியாச்சா? நல்லாப் பாரு!”

“கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன். கண்ணு எதுக்கு முதலாளி, மூக்கு இருக்கும்போது?”

“உன் மூக்குல இடி விழ! பட்டே இல்லாத எதையாவது கொளுத்திப் பாருய்யா!”

நியாயமான யோசனை. கட்டுகளைக் கட்டியிருந்த நைலான் கயிற்றில் ஒரு பிரி எடுத்தார். இந்தத் தடவை இன்னும் நெருங்கி முகர்ந்தார்.

“முதலாளி... கயிறும் பட்டு.”

“என்னது?”

“இருங்க, திரைச்சீலையைப் பார்க்கறேன்.” தீக்குச்சி உரசும் சத்தம். “ஐயையோ, அதுவும் பட்டு!”

தரை துடைக்கும் மாப்பின் நுனியிலிருந்தும் ஓர் இழையைக் கத்தரித்தார். அதையும் கொளுத்தி முகர்ந்தார்.

“முதலாளி, நாம இத்தனை வருஷமா பட்டை வச்சுத் தரையைத் துடைச்சிருக்கோம்!”

முதலாளி அரண்டுபோனார். ஆனாலும் வியாபாரி அல்லவா? “அந்த மாப்பைப் பத்திரமா ஷோகேஸ்ல வை. யார்கிட்டயும் மூச்சு விடாதே. நாடகக்காரம்மா வந்துட்டாங்க, நாலு கட்டையும் எடுத்துக்கறாங்களாம். மேலே அனுப்பு!”

மூக்கர் முதல் கட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். இருபது பெண்கள். இருபது தீப்பந்தம். மாப்பு பட்டாக இருக்கிற ஊரில் எதைத்தான் நம்புவது?

கட்டைக் கீழே வைத்தார். நூலும் வேண்டாம், துணியும் வேண்டாம் என்று வெறும் தீக்குச்சியைக் கிழித்து மூக்கருகே கொண்டுபோனார்.

அவ்வளவுதான். இன்டர்காமைப் பாய்ந்து பிடித்தார்.

“முதலாளி! தீக்குச்சியும் பட்டு!”

“உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சாய்யா?”

“சத்தியமா! நம்ம கடையில நெருப்பே பட்டுலதான் எரியுது! கட்டை அனுப்ப மாட்டேன் முதலாளி, வேலை போனாப் போகட்டும்!”

அப்போது படியில் தடதடவென்று இறங்கி வந்தாள், கடையைக் கூட்டிப் பெருக்கும் அக்கா.

“என் மாப்பை யாரு எடுத்தது? மேலே தண்ணி கொட்டிக் கிடக்குது!”

“தொடாதே அக்கா! அது அசல் பட்டு!” மூக்கர் மாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள்.

“மாப்பு கிடக்கட்டும்ண்ணே. காலையில வரும்போது மீசை ரெண்டு பக்கமும் இருந்துச்சே, மீதி எங்க?”