குடிலுக்குப் போன மோட்டார்

அன்பும் மரியாதையும் நிறைந்த, தெமியாங்கில் இருக்கும் மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு, ரந்தாவிலிருந்து உங்கள் தங்கை திலகாவின் கணவன் புனிதன் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே அனைவரும் நலம். நலம் என்று மரியாதைக்கு எழுதினேன், கால் வீங்கியிருக்கிறது.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின வாரம் ஃபாதர் பிரசங்கத்தில், "இந்தத் தடவ காசு வேணாம். விட்டுப் பிரிய மனசே வராத ஒரு பொருளக் குடிலுக்குக் கொண்டாங்க, முதியோர் இல்லத்துக்குக் குடுத்துரலாம்" என்றார். எனக்கு அப்படி ஒரு பொருள் என் மோட்டார் சைக்கிள்தான் என்பது எஸ்டேட் நாய்களுக்குக்கூடத் தெரியும். இருபத்தாறு வருடம் சுங்கை காடுட் தொழிற்சாலைக்கு என்னைச் சுமந்த வண்டி. ஒரு வாரம் யோசித்தேன். பாலகன் இயேசுவுக்கு மோட்டார் எதற்கு, லைசன்ஸ் எடுக்கவே பதினாறு வயதாக வேண்டுமே? கணவனும் மனைவியும் ஒரே உடல் என்று வேதம் சொல்வதால் அவள் பொருளும் என் பொருள்தானே? ஆகையால் திலகாவின் கரோக்கே பெட்டியை அவளுக்குத் தெரியாமல் சிவப்புக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனேன். காணிக்கைப் பவனியில் எனக்கு முன்னால் அவளும் ஒரு சின்ன பிஸ்கட் டின்னோடு நின்றாள். "என்ன அது?" என்றேன். "பிரியமான பொருளு லா" என்று சிரித்தாள். குடில் முன்னால் பெட்டியை இறக்கும்போது ஏதோ பட்டன் அழுந்தியது. அவள் பாடிப் பதிந்து வைத்த பாட்டு ஒரு வரி ஓடியது. பிறகு அவள் குரலே, "இந்த மனுசன் வெளிய போனாத்தான் நிம்மதியாப் பாட முடியுது!" என்றது. கோவில் முழுக்கக் கேட்டது மச்சான். நான் வியர்த்து நிற்கும்போதே ஃபாதர் பிஸ்கட் டின்னைத் திறந்து ஒரு சாவியைத் தூக்கிக் காட்டினார். வாசலில் வண்டியை நிறுத்தியதும் பைக்குள் வைக்கச் சொல்லி நான் அவளிடம் கொடுத்த என் மோட்டார் சாவி!

"கணவர் மோட்டாரக் குடுத்துட்டாரு, மனைவி பாட்டுப் பெட்டியக் குடுத்துட்டாங்க! இதுதான் தியாகம், கை தட்டுங்க!"

யார் பொருளை யார் கொடுத்தார்கள் என்று குழந்தை இயேசுவின் முன்னால் எப்படி வாய் திறப்பது? இருவரும் கைகூப்பி நின்றோம்.

உச்சி வெயிலில் செம்பனைக் காட்டு வழியே மூன்று மைல் நடந்தோம். "என் சாவிய ஏண்டி எடுத்த?" என்றேன். "என் பெட்டிய நீங்க ஏன் எடுத்தீங்க?" என்றாள். பாலம் வந்ததும் அவள் திடீரென்று நின்று, "அந்தக் குரல் கேட்டப்ப ஒங்க மூஞ்சி இருந்துச்சே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் சிரிப்பு வேறு, முழங்கால் வேறு. இரண்டு வாரமாகப் பசாருக்கும் நடை, பூசைக்கும் நடை. ஃபாதர் உங்களோடு படித்தவர். அந்த வண்டிக்கு பிரேக் சரியில்லை, வயதானவர்களுக்கு ஆகாது என்று நீங்கள் பக்குவமாகச் சொல்லி மீட்டுத் தர வேண்டும். இது பொய்யும் இல்லை.

உங்கள் வீட்டு வாசலில் சமாதானம் தங்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்.

இப்படிக்கு,
காலும் மனமும் நொந்த புனிதன்

பி.கு.: அண்ணே, திலகா எழுதுறேன். கரண்டு பில்லு லெட்டர், தபால்ல போட்டுருன்னு குடுத்தாரு. கவர்ல ஒங்க பேரு இருந்துச்சு, பிரிச்சுட்டேன். ஃபாதர்கிட்ட ஒண்ணும் பேசாதீங்க. போன வாரமே மோட்டாரத் திருப்பித் தர வந்தாரு, நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன். இத்தன வருசமா பின்னால ஒக்காந்து இவரு முதுகத்தான் பாத்தேன். இப்பத்தான் பக்கத்துல நடந்து வராரு, பேசிக்கிட்டே வராரு.