கைமேல் நடுங்கிய கடிதம்

சந்தேகப்படுவதில் எனக்கு இணை எவருமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாலையும் ஆட்டோ மீட்டரையும் சந்தேகித்தே தலை நரைத்தவன் நான். அப்படிப்பட்டவன் சந்தேகிக்கத் தவறிய ஒரே ஆசாமி, நானேதான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. தில்லி ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் இருந்தோம். தீபாவளி கழிந்ததும் என் கால்சட்டைகள் இடுப்பில் நிற்க மறுத்தன. துவைப்பவர் துணியை இழுத்துப் பெரிதாக்கிவிட்டார் என்று தீர்மானித்து, "பையா, யே க்யா கியா?" என்று, அவர் செய்த காரியத்துக்கு விளக்கம் கேட்டு மூன்று நாள் வழக்காடினேன். அடுத்து, என் மனைவி பார்வதி நெய்யைக் குறைத்துவிட்டாளோ என்று ஐயம். (வேளைக்கு இருமடங்கு உண்டுகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.)

மார்கழி பிறந்தது. சனிக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் பதிகப் பாராயணம். பாடத் தொடங்கினால் கண் நிறைந்தது, நெஞ்சு முரசறைந்தது, விரல்கள் நடுங்கின. தில்லிக் குளிரில் எல்லோரும் கம்பளிக்குள் ஒடுங்கியிருக்க, நான் மேல்துண்டோடு வியர்த்தேன். மெய்யடியார்க்கு உரியவை என்று அருளாளர்கள் பாடிவைத்த மெய்ப்பாடுகள் அத்தனையும், ஒன்று குறையாமல்! இதை மட்டும் நான் சந்தேகிக்கவே இல்லை.

பார்வதி சந்தேகித்தாள். "பாடுறப்ப நடுங்கினா பக்தி, சரி. ஷேவ் பண்றப்பவும் நடுங்குதே, அது என்னங்க?"

பொறாமை என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

"அப்பா, சச்சி, நிஜமா சொல்றேன், உங்க கண்ணு ரெண்டும் வெளிய வர்ற மாதிரி இருக்கு" என்றாள் பதினோராம் வகுப்பு படித்த மகள். (ஞானக்கண் திறக்கையில் மற்ற இரண்டும் சற்று ஒதுங்கத்தானே வேண்டும்!)

மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒருநாள் என் காலைத் தொட்டு "பாபாஜி" என்றார். அதோடு முடிவெடுத்துவிட்டேன். இனி எனக்கெதற்குக் கோப்புகள்? விருப்ப ஓய்வு கேட்டுக் கடிதம் எழுதிப் பாராயணப் புத்தகத்துள் வைத்தேன், திங்களன்று கொடுக்க. வீட்டில் மூச்சுவிடவில்லை. சம்பளம், குடியிருப்பு, மகளின் படிப்பு எல்லாம் அந்த ஒற்றைத் தாளில் தொங்கின.

அந்தச் சனிக்கிழமை சரோஜா அம்மாள் என்றொருவர் புதிதாக வந்திருந்தார். ராணுவ மருத்துவமனைச் செவிலியராகப் பணிசெய்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துப் பாட, அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் என்ன வேவு பார்க்கிறார் என்று எனக்குள் மணியடித்தது. பாராயணம் முடிந்ததும் அருகே வந்து குனிந்தார். ஆசிதான் கேட்கிறார் என்று மனமிளகி, அவர் தலைமேல் கையை வைத்தேன். கழுத்தைக் கீழிருந்து பார்க்கவே குனிந்தவர், அந்தக் கையின் மணிக்கட்டைப் பற்றிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நூத்தி இருபத்தெட்டு, சார்."

"நூற்றெட்டு முறைதானே ஜபித்தேன்?"

"நாடியைச் சொல்றேன். ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினேன். புத்தகத்திலிருந்து எட்டிப்பார்த்த தாளை உருவி என் விரல்கள்மேல் பரப்பினார். அது அரசிலையாய்த் துடித்தது.

"கண்ணுக்குத் தப்புற நடுக்கத்தைக் காகிதம் காட்டிக்கொடுத்துரும். ஒரு வாய் தண்ணி முழுங்குங்க... கழுத்துல வீக்கம் ஏறி இறங்குது பாருங்க. தைராய்டு மாதிரி இருக்கு. திங்கக்கிழமையே ரத்தம் பாத்துருங்க. இதயம் இப்படியே ஓடினா தாங்காது, சார்."

"பாபாஜி பீமார் ஹை?" என்று, நோய் தொற்றிவிடும் போல, பஞ்சாபி அம்மாள் இரண்டடி பின்வாங்கினார்.

பார்வதி மட்டும் என் கழுத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, நடுங்கும் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"விருப்ப ஓய்வா? யாரோட விருப்பம்?"

அந்த நொடியே அருள் என்னைவிட்டு நீங்கியது. (வியர்வை இருமடங்காயிற்று.)

திங்களன்று கடிதம் அலுவலகம் போகவில்லை. நான் மருத்துவமனை போனேன். சரோஜா அம்மாளின் ஐயம் சரியே. மாத்திரைகளால் சில மாதங்களில் நடுக்கம் நின்றது. கால்சட்டை இடுப்பில் நின்றது. துவைப்பவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் பாடும்போது கண்ணீரும் நின்றுபோயிற்று. அதுதான் சுட்டது. அழுததெல்லாம் நானா, சுரப்பியா?

அடுத்த மார்கழியில் ஒரு விடியற்காலை, பலகாலம் பாடிய அடியொன்றில் குரல் உடைந்தது. உடனே பாட்டை நிறுத்தி என்னையே சந்தேகித்தேன். பார்வதி பீரோவிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவந்தாள்.

"கையை நீட்டுங்க."

தாள் அசையவில்லை.

"இது ஒரிஜினல்தான். பாடுங்க" என்றாள்.

கடிதம் மடிப்புகளில் கிழிந்துவிட்டதால், இப்போது உறையிட்டு வைத்திருக்கிறாள். என் கண் கலங்கினால் பேரன்கூட பீரோவைத் திறக்க ஓடுகிறான்.