பூமயிலின் மண்டையோடும் பதினொரு கூட்டங்களும்

மனித இனத்துக்கு மண்டையோடு கிடைத்துப் பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும், திறந்த மண்டையை மூடுவது எப்படி என்று முறைப்படி தீர்மானம் போட்டு ஆராய்ந்த பெருமை, 1958-ஆம் ஆண்டில் எங்கள் குழுவுக்கே கிடைத்தது. பதினொரு கூட்டம் நடத்தினோம். பதினொன்றும் கோரமாகவே நடந்தன. அதாவது, ஒன்றில்கூட ஆள் குறைந்து கோரம் தவறவில்லை.

'கபால மூடி நிலைநிறுத்து சாதன வடிவமைப்பு ஆலோசனைக் குழு' என்று பெயர். நான் அதன் காரியதரிசி.

மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி இருந்த எங்கள் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறக்க மதராஸிலிருந்து ஒரு பிரமுகர் வந்தார். வாசலில் பனங்கட்டை நட்டு வரவேற்பு வளைவு கட்டி, 'வருக', 'வருக' என்று இரண்டு பலகைகளைத் தொங்கவிட்டோம். கார் நுழையும்போது கடல்காற்று வீசியது. முதல் 'வருக' கடமை தவறாமல் நின்றது. இரண்டாவது 'வருக' ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த பூமயிலின் தலையில் இறங்கியது.

பூமயில் பாம்பனில் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கருவாடு விற்பவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்தக் கூடைதான் வீட்டில் உலை வைத்தது.

சீமையில் மூளை அறுவை படித்து வந்திருந்த டாக்டர் ஹமீது சுல்தான் விழாவைப் பாதியில் விட்டு ஓடினார். மண்டையில் உள்ளங்கை அளவு எலும்பை எடுத்து, உள்ளே கட்டிய ரத்தத்தை வெளியேற்றினார். மூளை வீங்கியிருந்தது, எலும்பை உடனே திருப்பி வைக்க முடியாது. அது கெடாமல் இருக்க, அவள் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார். மற்ற தேசங்களிலும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

பத்து நாள் கழித்துப் பூமயில் எழுந்து உட்கார்ந்து தலையைத் தடவினாள்.

“டாக்டரய்யா, ஒரு பக்கம் மெத்து மெத்துனு இருக்கே. எலும்பு எங்கன?”

“வயித்துல இருக்கும்மா.”

“ஆத்தாடி! நான் முழுங்கவே இல்லையே!”

டாக்டர் விளக்கினார். வீக்கம் வடிந்ததும் எலும்பைத் திருப்பி வைக்கலாம். ஆனால் சும்மா வைத்தால் அசையும், உள்ளே அமுங்கும். அதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

“கூடை தூக்கலாமா அய்யா?”

“அசையாம ஒட்டிக்கிட்டா ஒரு வருஷத்துல தூக்கலாம், இன்ஷா அல்லாஹ். அதுவரைக்கும் இடுப்புல வச்சுக்க.”

எலும்பைப் பிடிக்கச் சிறு தகடுகள் தேவை என்று டாக்டர் நாலு வரிக் கடிதம் எழுதினார். இங்கேதான் எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகசபைத் தலைவரின் பெருமை விளங்கியது. “ஒரு தலைக்குத் தகடு வாங்குறது சில்லறை வேலை. தேசத்துத் தலைகளுக்கெல்லாம் நாமே வடிவமைப்போம்” என்றார். ஒன்பது பேர் கொண்ட குழு உதயமானது. வளைவு கட்டிய அதே ஒன்பது பேர். அனுபவஸ்தர்களைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. யோசனை சொல்ல டாக்டரையும் ஓர் ஓரத்தில் உட்காரவைத்தோம்.

முதல் இரண்டு கூட்டங்களில் குழுவின் பெயரை நீட்டினோம். மூன்றாவதில், ஓய்வுபெற்ற பால இன்ஜினீயர் ராமசுப்பிரமணியன் பெரிய வரைபடத்தை விரித்தார்.

“பாம்பன் பாலத்தைப் பாருங்க. நடுவுல தூக்கிவிட்டா கப்பல் போகுது. மண்டைக்கும் அந்த மாதிரி கீல் வச்சா வேணுங்கிறப்ப திறந்துக்கலாம்.”

“மண்டைக்குள்ள கப்பல் வராதுங்களே” என்றார் டாக்டர்.

“இப்ப வராது. இருபது வருஷம் கழிச்சு?”

எங்களுக்கு மெய்சிலிர்த்தது. இப்படி 'தொலைநோக்கு' உள்ளவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் நோயாளி தெரியாமல் போவது இயற்கை.

ஐந்தாவது கூட்டத்தில் டாக்டர் எழுந்து நின்றார். முகம் வாடியிருந்தது. “வயித்துல இருக்கிற எலும்பு கரையுதுங்க. ஓரமெல்லாம் தேயுது. நாம ஒத்திவைக்க ஒத்திவைக்க அது சின்னதாகுது.”

“நல்ல செய்திதானே!” என்றார் தலைவர். “சின்ன எலும்புக்குச் சின்ன சாதனம் போதும்.” கைதட்டினோம்.

ஏழாவது கூட்டம் காரசாரமானது. சாதனத்தின் மேல் பொறிக்கவேண்டிய வாசகம் பற்றிய விவாதம். 'இம்மண்டையைத் திறந்து வைத்தவர்' என்று போட்டு யார் பெயரைப் பொறிப்பது? பிரமுகர் பெயரையா, டாக்டர் பெயரையா?

“திறந்து வச்சது உங்க பலகை” என்றார் டாக்டர். ஒழுங்கு கருதி அந்த வாக்கியத்தை நான் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

அன்று முழுவதும் அவர் நிகழ்ச்சிநிரல் தாளின் பின்பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும், மூக்குக் கண்ணாடி பழுதுபார்க்கும் பாக்கரிடம் போனார். முறைகேடு எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ள நானும் கூடவே போனேன்.

“என்ன டாக்டர் இது, இம்புட்டுக் குட்டித் தகடு? யாருக்குக் கண்ணாடி?”

“கண்ணாடிக்கில்ல பாக்கர். மண்டை எலும்பைப் பிடிக்கிறதுக்கு.”

பாக்கர் சற்று யோசித்தார். “திருகாணி எம்புட்டு ஆழம் போகலாம்?”

“பாதி நெல்லு நீளம். அதைத் தாண்டினா மூளை.”

ஐந்து மாதமாகக் குழுவில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. குழுவின் கௌரவத்தைக் காக்க, “இது ஒன்பதாவது கூட்டத்துக்கு வைத்திருக்கும் விஷயம்” என்று சொன்னேன். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கை முறிவுக்கென்று ஆஸ்பத்திரியில் இருந்த எஃகுத் தகட்டை மூன்று துண்டாக்கி, ஓரம் தோலைக் குத்தாமல் மழுக்கி, பூமயிலின் தலை வளைவுக்கு ஏற்பப் பாக்கர் வளைத்தார். நாலு நாள் வேலை.

“ஆடாம இரும்மா” என்றார், அளவு பார்க்கும்போது.

“கூடை உக்கார்ற எடம் பாய். நல்லா கெட்டியா செய்யி.”

எட்டாவது கூட்டம் நடந்த காலையிலேயே அறுவை நடந்தது. எலும்பு ஒரு பக்கம் விரல் அகலம் தேய்ந்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் தகடு பிடிக்க விளிம்பே இருந்திருக்காதாம். கூட்டத்துக்கு வராததற்கு டாக்டரிடம் விளக்கம் கேட்கும் கடிதத்தை நேரில் கொடுக்கப் போனேன். கட்டுப் போட்ட தலையைப் பூமயில் விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். “கெட்டியா இருக்குடி” என்று மகள்களிடம் சொல்லிவிட்டு விம்மி அழுதாள். டாக்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடிதத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே தவறு அது.

குழு தளரவில்லை. ஒன்றரை ஆண்டு உழைத்துப் பதினோராவது கூட்டத்தில் சாதனத்தைப் பூர்த்தி செய்தது. பித்தளை. இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள், ஒரு பெயர்ப்பலகை. எடை இரண்டு பவுண்டு. மூடியின் 'திறப்பு விழா'வுக்கு நாளும் குறித்தாயிற்று. ஒரு தலைதான் தேவைப்பட்டது. பூமயிலைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டதால், தலையில் கூடையோடு நேராக நடந்து வந்தாள். கருவாட்டு வாசனை சபையை நிறைத்தது.

“என் தலையைத்தான் மூடியாச்சே அய்யா” என்றாள்.

“முறைப்படி மூடலையேம்மா” என்றார் தலைவர் கனிவோடு. “மறுபடி திறந்து, முறைப்படி மூடிடுவோம். பத்து நிமிஷ விழா. உனக்கு மாலை உண்டு.”

பூமயில் கூடையை இறக்கி எங்கள் வரைபடங்களின் மேல் வைத்தாள். மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“இங்கனயே ஒம்பது தலை இருக்கே அய்யா. அதுல ஒண்ணைத் திறந்து பாருங்க. உள்ள ஏதாச்சும் இருந்துச்சுன்னா மூடி போட்டுக்கிடலாம்.”

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பொதுமக்களின் ஆலோசனைகளை எங்கள் குழு ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை. ஒன்பது பேரின் தலைக்குள்ளும் மூடி போட்டுப் பாதுகாக்கத்தக்க பொருள் ஏதேனும் உண்டா என்று கண்டறிய அன்றே ஓர் உபகுழு அமைத்தோம். அதற்கும் நானே காரியதரிசி. ஆய்வு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை எதுவும் அகப்படவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.