அப்பா தூணும் இடது பக்கக் கதவும்

ஊரப்பாக்கம்,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் சாலமன் அவர்களுக்கு,

தேவானந்தம் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை ரத்தினபாயும் இங்கே சுகம். நாகர்கோவிலில் நீங்களும் பியூலா அக்காவும் அப்படியே சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். எங்கள் கார்தான் சுகமில்லாமல் கிடந்து, இன்றைக்குத்தான் தேறி வீடு வந்திருக்கிறது.

போனில் சொல்லாமல் எதற்குக் கொரியரில் கடிதம் என்று கேட்பீர்கள். என் போனை உங்கள் தங்கைதான் முதலில் பார்ப்பாள். குடும்பக் குரூப்பில் நீங்கள் போட்ட மெசேஜையும் அப்படித்தான் பார்த்தாள். "அப்பாவே குறுக்க நின்னு தடுத்துட்டாரு" என்று எழுதி, பக்கத்தில் வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சி வேறு. மச்சான், நீங்கள் வயதில் மூத்தவர், மரியாதை குறையாமல்தான் சொல்கிறேன், அன்றைக்கு மட்டும் நீங்கள் என் எதிரில் இருந்திருந்தால் நம் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருக்கும்.

நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஃபேன் இறக்கையில்கூட உபகாரியின் பெயர் எழுதுகிற சபை எங்களுடையது. சர்ச்சுக்குப் புது கேட் கட்டியபோது, மாமா கடைசிக் காலத்தில் எங்களோடு இருந்து ஆராதித்த இடமாயிற்றே என்று அவர் நினைவாக இடது பக்கத் தூணை நீங்கள் கட்டிக் கொடுத்தீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் வலது பக்கத் தூண் ஒல்லியாக நிற்க, "அப்பாவுக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா?" என்று இதை மட்டும் ஒரு சுற்று பருமனாக்கி, பெயரைப் பளிங்கில் வேறு பதித்தீர்கள். வழி குறுகும் என்று கமிட்டியில் அப்போதே சொன்னார்கள். கேட்டீர்களா?

ரத்தினபாய் இந்த வயதில் லைசென்ஸ் எடுத்து, முதல் தடவையாகத் தனியே காரை ஓட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வந்தாள். நான் முன்னாடியே போய் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். டொம் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், இடது முன்கதவு மாமாவின் மேல் சாய்ந்து நிற்கிறது. சபை மொத்தமும் வாசலில். அவள் இறங்கி வந்து கதவைப் பார்க்கவே இல்லை, கல்லில் இருந்த பெயரைத் தடவினாள். "அப்பாவையே இடிச்சுட்டேங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் சாவியை பீரோவுக்குள் போட்டுப் பூட்டினாள். "சின்ன வயசுல அண்ணனுக்குப் புது சைக்கிள், எனக்குப் பின்னாடி கேரியர். ஹேண்டில் பாரைத் தொடக்கூட விடல அப்பா. இப்பவும் வேணாங்குறாரு. விடுங்க" என்றாள். சர்ச் பெண்கள் ஐக்கியத்தோடு தாம்பரத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போவதற்காகத்தான் அவள் கார் ஓட்டவே படித்தது. இப்போது ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய் வருகிறாள்.

அந்த ஒடுக்கு கதவில் இருக்கிறவரை அவள் சாவியைத் தொடமாட்டாள் என்று புரிந்துவிட்டது. எடுத்தே தீருவது, அதுவும் என் கையாலேயே எடுப்பது என்று முடிவு பண்ணினேன். டெலிபோன்ஸில் இருந்த காலத்தில் தாம்பரம் முழுக்கப் பள்ளத்தில் இறங்கிக் கேபிள் ஒட்டியவன், ஒரு தகரக் கதவுக்குப் பயப்படுவேனா? பாத்ரூம் அடைப்பெடுக்கிற ரப்பர் பம்பை வைத்து, வெந்நீர் ஊற்றி இழுத்தால் ஒடுக்கு தானாக வெளியே வரும் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். ஊற்றினேன், ஒட்டினேன், இழுத்தேன். ஒடுக்கு அப்படியே இருக்க, ரப்பர் மட்டும் கதவில் ஒட்டிக்கொள்ள, குச்சியோடு நான் போய் எதிர்வீட்டு ராஜாராமன் சாரின் செம்பருத்தித் தொட்டிமேல் விழுந்தேன். அவர் மாடியிலிருந்து, "சார், வெந்நீரே தப்பு. ஐஸ் வைங்கோ!" என்றார். வைத்தேன். கதவு ஜில்லென்று ஆனதுதான் மிச்சம். சரி, உள்ளேயிருந்து தட்டுவோம் என்று கதவின் உள்தட்டைக் கழற்றி, சப்பாத்திக் கட்டையில் துண்டைச் சுற்றித் தட்டினேன், ஒடுக்கு இருந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் வெளியே புடைத்துக்கொண்டு வந்தது, தட்டின அதிர்ச்சியில் ஜன்னல் கண்ணாடி கதவுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொண்டது, உள்தட்டைத் திரும்ப மாட்டினால் ஒரு பிடி கிளிப் மிச்சம், அது எங்கே போகணும்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. ரத்தினபாய் சமையலறை ஜன்னலிலிருந்து, "சப்பாத்திக் கட்டையாவது திரும்ப வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

விடவில்லை. கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இருப்பதிலேயே பெரிய வசன ஸ்டிக்கராக வாங்கி வந்து கதவை மூடி ஒட்டினேன். பள்ளத்தில் எழுத்து சுருங்கி, புடைப்பில் எழுத்து வீங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் வசனமே குலுங்கிச் சிரிப்பதுபோல இருந்தது. அப்போதுதான் உங்கள் தங்கைக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "வேத வசனத்தை வெச்சு டொக்கை மறைப்பீங்களா? ஊருக்கே தெரிஞ்சதை யார்கிட்ட மறைக்கிறீங்க?" என்று கேட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அதற்கு மேல் எனக்கு மனசு தாங்கவில்லை. ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு பெருங்களத்தூருக்கு வண்டியை விட்டேன்.

அங்கே பாட்சா பாய் என்பவர் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கிறார். வண்டியைச் சுற்றி வந்து, "இன்னா சார் இது? போன்ல ஒரு டொக்குன்னீங்க. இங்க ஒரு குடும்பமே குடியிருக்கீது!" என்றார். கதவு மொத்தத்தையும் மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தார். நான் முடியாது, தட்டித்தான் எடுக்க வேண்டும், நானும் கூடவே நின்று வேலை செய்வேன் என்றேன். "நீ நின்னுகினு இருந்தா எனக்குக் கை ஓடாது சார், வூட்டுக்குப் போ" என்றார். நான் அசையவில்லை. கடைசியில், "பேஜாரா போச்சுப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் வண்டி நிறத்திலேயே கழற்றி வைத்த ஒரு வெள்ளைக் கதவைக் காட்டி, உப்புத்தாளையும் கையில் கொடுத்தார். மத்தியானம் வரை தேய்த்தேன் மச்சான், தோள்பட்டை கழன்றுவிட்டது. சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது, அது வேறு எந்தக் காலத்திலோ எந்த வண்டியிலோ இருந்த கதவு. எங்கள் கதவு பின்பக்கம் நிம்மதியாகப் பட்டி பூசி முடிந்திருந்தது.

ஆக, எனக்குப் புத்தி வந்தது. காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்வதுதான் சரி. கதவு இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. ரத்தினபாய் அதைத் தடவிப் பார்த்தாள். ஆனால் சாவியை நீட்டினால் இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகைக்கு நீங்கள் வருகிறீர்கள். சனிக்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனுக்கு எப்பாடு பட்டாவது அவளையே வண்டியோடு அனுப்பப் பார்க்கிறேன். நீங்கள் முன்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா பேச்சு, சைக்கிள் பேச்சு, தூண் பேச்சு ஒன்றும் எடுக்காமல் வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். முடிந்தால் "நல்லா ஓட்டுற"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, குறைஞ்சிட மாட்டீங்க.

அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் போக்குவரத்தையும், எங்கள் கதவையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்
தேவானந்தம்

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்து எழுதுகிறேன். மேலே சொன்ன எதையும் மனதில் வைக்க வேண்டாம். கொரியர் ஆபீஸுக்குப் போகிற வழியில், பண்டிகை ஏலத்துக்கான பூசணிக்காயை சர்ச்சில் இறக்கிவிடலாம் என்று ரத்தினபாயைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே ஓட்டிப் போனேன். கேட்டில் திரும்பும்போது, "பாத்துக்கோ, இப்படித்தான் ஒடிக்கணும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஒடித்தேன். டொம். அதே தூண். அதே கதவு.

யாருக்கும் அடி இல்லை. பின்கதவைத் திறந்ததும் பூசணிக்காய் உருண்டு போய் மாமாவின் காலடியில் சிதறியது. புது பெயிண்ட் அடித்த வண்டி, வாசலில் உடைந்த பூசணிக்காய். ஆயர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அவசர அவசரமாகத் துண்டுகளைப் பொறுக்கினேன். ரத்தினபாய் என் பக்கமாகத் தவழ்ந்து இறங்கி வந்தாள். கதவைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் மச்சான், பளிங்குக் கல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "ஏம்ப்பா, மாப்பிள்ளையையும் விடலியா நீங்க?" என்று தூணைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு என் முன்னால் கையை நீட்டினாள். "சாவி குடுங்க."

ஜி.எஸ்.டி. ரோடு வழியாக அவள்தான் வீடு வரை ஓட்டி வந்தாள். கதவை பாட்சாவிடம் விடட்டுமா, இல்லை இந்த முறை நானே பார்க்கட்டுமா என்று கேட்டேன். "ரெண்டும் வேணாம். இது உங்க டொக்கு. அப்படியே இருக்கட்டும், எனக்குப் பார்க்க நல்லாருக்கு" என்கிறாள். சாவி இப்போது அவள் கைப்பையில்.

சனிக்கிழமை தாம்பரத்துக்கு அவள்தான் வருகிறாள், தனியாக. முன்பக்கக் கதவு திறக்காது. நீங்கள் பின்னாடி ஏறி உட்கார்ந்துகொள்ளவும்.